தெரியாதவர் மட்டும் விண்ணப்பிக்கவும்

தீவுக்குப் போகிற அந்தச் சின்ன விமானத்தில் இறக்கை இருந்தது, எஞ்சின் இருந்தது, ஓட்டுவதற்குப் பைலட் அக்காவும் இருந்தார். கெட்டுப்போனது ஒரே ஒரு ரப்பர் வளையம். மோதிரத்துக்குப் பெரியது, வளையலுக்குச் சின்னது. எஞ்சினுக்குள் வால்வைத் தள்ளுகிற கம்பி ஒன்று உண்டு. அந்தக் கம்பிக்கு ஒரு குழாய். குழாயின் காலடியில் எண்ணெய் கசியாதபடி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த வளையத்தின் வேலை. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து, கெட்டித்துப்போய், கடைசியில் விரிசல் விட்டுவிட்டது.

"எண்ணெய் சொட்டி நேரா சூடான புகைக்குழாய் மேல விழுது," என்றார் பைலட் அக்கா, எஞ்சின் மூடியைச் சாத்திக்கொண்டே. "தீப்பிடிக்கும். தீப்பிடிச்சா நாம தீவுக்குப் போகமாட்டோம், வேற எங்கயோ போவோம்."

கேட்டுக்கொண்டிருந்த பயணி ஒரு டெய்லர். அவருடைய மனைவி தீவில் பள்ளிக்கூட டீச்சர். நிறைமாதம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறாள். கடல் கொந்தளிக்கிற பருவம் என்பதால் படகு ஓடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்த மனிதர், கையில் பையும் பையில் தானே தைத்த குட்டிச் சட்டையுமாக ஓடுதளத்தில் நின்று விழித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இவ்வளவு? நான் ஓடிப்போய் கடைத்தெருவுல வாங்கிட்டு வர்றேன் அக்கா."

"கடையில கிடைக்காது தம்பி. துறைதான் குடுக்கணும்."

"அப்ப நீங்க போய் துறையில வாங்கிட்டு வாங்க."

"நான் போகமுடியாது. எனக்கு அந்த வளையத்தைத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

அக்கா சிரித்த சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. பிறகு விஷயத்தை விளக்கினார். விமான எஞ்சின் உதிரிபாக அடையாளத் துறை என்று ஒன்று இருக்கிறது. பாகத்தை அடையாளம் காண்பது அதன் வேலை. அதற்காகவே கட்டடம், அதற்காகவே ஆட்கள். விண்ணப்பிக்க வருகிறவர் பாகத்தின் பெயரையும் எண்ணையும் தெரிந்துகொண்டே வந்துவிட்டால் துறைக்கு என்ன மரியாதை? ஆகவே தெரியாதவர் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். தெரிந்துகொண்டு வருகிறவரை 'அறிந்தவர்' என்று எழுதி, வாசல் பலகையில் படத்தை ஒட்டிவிடுவார்கள். போன முறை அக்கா விவரம் புரியாமல் கவுன்ட்டரில் எண்ணைக் கடகடவென்று சொல்லிவிட்டார். இப்போது அவருடைய படம் பலகையில் நட்டநடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

சொல்லி முடித்துவிட்டு அக்கா டெய்லரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"முன்னாடி ஒரு ஃபேன் சுத்தும்."

"என் தங்கமே!" என்று அக்கா அவர் கன்னத்தைக் கிள்ளினார். "நீதான் போற. இப்பவே போற. வழியில யார்கிட்டயும் எதுவும் கேட்டுத் தொலைக்காத."

துறையின் கட்டடம் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தரை வழுவழுவென்று மின்னியது. நடந்தால்தானே அழுக்காகும்? முதல் அறையின் கதவில் 'அறியாமைச் சோதனை' என்று பித்தளையில் எழுதியிருந்தது. உள்ளே அறியாமை அலுவலர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். டெய்லர் கைக்குட்டையைப் பிரித்து, விரிசல் விட்ட பழைய வளையத்தை மேஜைமேல் வைத்தார்.

அந்த அம்மா நாற்காலியோடு பின்வாங்கினார். "ஐயையோ! முதல்ல அதை மூடுங்க! மாதிரியைப் பார்த்து அடையாளம் காண்றது பரீட்சையில காப்பி அடிக்கிற மாதிரி. எங்களை என்னன்னு நினைச்சீங்க?"

பியூன் ஒருவர் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே வளையத்தை எடுத்துப்போய்க் குப்பைக்கூடையில் போட்டார். அலுவலர் அம்மா தண்ணீர் குடித்துத் தேறியபின் சோதனை தொடங்கியது.

"விமானம் எதனால பறக்குது?"

"அக்கா ஓட்டறதால."

"எஞ்சின் எங்க இருக்கும்?"

"முன்னாடி ஃபேன் இருக்கும்ல, அது பின்னாடி ஏதோ சூடா இருக்கும். அதுவா?"

அலுவலர் அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து கதவைத் திறந்து, "எல்லாரும் கொஞ்சம் வாங்களேன்!" என்று கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து எட்டிப்பார்த்தார்கள். "திரும்பச் சொல்லுங்க சார், முன்னாடி என்ன இருக்கும்?"

"ஃபேன்."

ஒருவர் மெய்மறந்து கைதட்டினார். இப்போதெல்லாம் வருகிற விண்ணப்பதாரர்கள் எதையாவது அரைகுறையாகப் படித்துக்கொண்டு வந்து உயிரை வாங்குகிறார்களாம். இப்படிக் கலப்படமில்லாத ஆளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று ஆளாளுக்கு மாய்ந்துபோனார்கள். பிறந்ததிலிருந்து தனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை என்பதால் டெய்லருக்கும் உச்சி குளிர்ந்தது. இந்த வேகத்தில் போனால் மத்தியானத்துக்குள் வளையம் கைக்கு வந்துவிடும் என்று நம்பினார். பாவம்.

அடுத்தது படங்களின் அறை. எஞ்சினைப் பிரித்துப்போட்ட மாதிரி ஒரு படம் சுவர் முழுக்க. ஒவ்வொரு திருகும் ஆணியும் தனித்தனியாக அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. சட்டை தைப்பதற்குமுன் கழுத்து, கை, முதுகு என்று வெட்டி மேஜையில் பரப்பிவைப்பதுபோல் இருந்ததால் டெய்லருக்குப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. சுவரோரமாக நின்ற படவிளக்க அலுவலர் கையில் நீளக் குச்சி வைத்திருந்தார்.

"நாங்க பாகத்தைத் தேடறதில்ல," என்று அவர் ஆரம்பித்தார். "பாகம் தானா முன்வந்து தன்னை வெளிப்படுத்தணும். நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் ஒவ்வொண்ணா காட்டி விளக்கறேன். எதைக் கேக்கும்போது உங்க முகம் மாறுதோ, அதுதான் பாகம்."

விளக்கினார். பிஸ்டனில் தொடங்கி, அது ஏறி இறங்குகிற சிலிண்டர், காற்று நுழையும் வழி, புகை வெளியேறும் வழி என்று ஒன்றையும் விடவில்லை. குச்சி, வால்வைத் தள்ளுகிற கம்பியின் குழாயடிக்கு வந்தபோது டெய்லரின் முகம் மாறியது. ஆனால் அதற்கு முன்பே கொட்டாவியில் பலமுறை மாறியிருந்ததால் எந்த மாற்றம் உண்மையான மாற்றம் என்று அலுவலரால் தீர்மானிக்க முடியவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று முதலிலிருந்து இன்னொரு தடவை விளக்கினார்.

"சரி, குழாயடி வளையம்னு தற்காலிகமா வச்சுக்குவோம். உங்க எஞ்சினோட வரிசை எண் என்ன?"

அக்கா எழுதிக் கொடுத்திருந்த சீட்டை டெய்லர் நீட்டினார். அலுவலர் தடித்த பட்டியலைப் புரட்டினார். பக்கம் புரளப் புரள முகம் வாடியது.

"இந்த எண்ணுக்கு முந்தின எஞ்சினுக்கெல்லாம் ஒரு வளையம் போட்டிருக்கு. இந்த எண்ணுக்குப் பிந்தின எஞ்சினுக்கெல்லாம் வேற வளையம் போட்டிருக்கு. இதே எண்ணுக்கு ஒண்ணும் போடல."

"அப்படின்னா?"

"முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. துறையைப் பொறுத்தவரைக்கும் உங்க எஞ்சின் இன்னும் பிறக்கல சார்."

"எஞ்சின் மெதுவாப் பிறக்கட்டும் சார். என் குழந்தை இப்ப பிறக்கப்போகுது!"

"வாழ்த்துகள்," என்றார் அலுவலர் மனப்பூர்வமாக. "அது முந்தியா பிந்தியா?"

இரண்டில் ஒன்றை டெய்லரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் முடிவாயிற்று. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அவர் தேர்ந்தெடுப்பது நடுநிலையாக இருக்குமாம். டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு 'முந்தி' என்றார். உடனே அவரை மாற்று எண் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே மூன்று பேர் மூன்று மேஜைகளை முக்கோணமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளிடம் போனதும், "இந்த எண் பழசு. இதுக்குப் பதிலாப் புது எண் வந்தாச்சு. அடுத்த மேஜை," என்றார். இரண்டாவது ஆள், "இது கொஞ்ச நாள்தான் புதுசா இருந்துச்சு. இதுக்கும் புதுசு வந்தாச்சு. அடுத்த மேஜை," என்றார். மூன்றாவது ஆள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த எண்ணை ரத்து பண்ணிட்டாங்க. இதுக்குப் பதிலாப் பழைய எண்ணையே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த மேஜை," என்று முதல் ஆளைக் காட்டினார்.

டெய்லர் சுற்றினார். நம்பிக்கையோடு சுற்றினார். நடுவில் ஒருமுறை வேகமாகச் சுற்றினால் ஏதாவது மாறுமோ என்று ஓடிக்கூடப் பார்த்தார். மூன்று பேருக்கும் அவர் மேல் நல்ல பிரியம் வந்துவிட்டது. ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தார். முன்பு ஒரு விண்ணப்பதாரர் இப்படியே சுற்றிச் சுற்றி உடம்பு இளைத்து, சர்க்கரை நோயெல்லாம் கட்டுக்குள் வந்து, பாகத்தை மறந்துவிட்டு நன்றி சொல்லிப் போனாராம். இரண்டாவது மேஜைக்காரர் அதைச் சொல்லி நெகிழ்ந்தார்.

அப்போது டெய்லரின் போன் அடித்தது. மனைவி.

"எங்கங்க இருக்கீங்க? இடுப்பு லேசா வலிக்க ஆரம்பிச்சிருக்கு."

"வந்துட்டே இருக்கேன்மா, வளையம் வாங்கிட்டு இருக்கேன்."

"ஒரு ரப்பர் வளையம் வாங்க ஒரு நாளா? கடைக்காரர்கிட்ட போனைக் குடுங்க, நான் பேசறேன்."

இருபது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் உட்காரவைக்கிற குரல் அது. டெய்லருக்குப் பொறுமை பொட்டென்று அறுந்தது. போனை வைத்துவிட்டு மூன்று பேருக்கும் நடுவில் நின்று கத்தினார்.

"ஏன் சார், மூணு எண்ணும் ஒரே வளையம்தானே? வால்வைத் தள்ளற கம்பியோட குழாயடியில, எண்ணெய் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்! அதைத்தானே மூணு பேரும் மூணு பேர்ல சொல்றீங்க?"

காப்பி வாங்கிக் கொடுத்தவர் தன் டம்ளரை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டார்," என்றார் முதல் ஆள், இழவு சொல்வதுபோல.

அறியாமை அலுவலர் அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். "காலையில எப்படி வந்தீங்க! ஃபேன்னு சொன்ன வாய்தானா இது? யார் உங்களைக் கெடுத்தது?"

"நீங்கதாங்க! ஒவ்வொரு ரூமா கூட்டிட்டுப்போய் நீங்களே சொல்லிக்குடுத்துட்டு..."

"சொல்லிக்குடுத்தா கத்துக்கணும்னு கட்டாயமா?"

விஷயம் தலைமை அடையாளர் வரைக்கும் போயிற்று. அவர் அறை பெரியது, அதைவிட நாற்காலி பெரியது, அதில் அவர் நிறைந்திருந்தார். டெய்லரின் முகத்தை இரக்கத்தோடு பார்த்தார்.

"உக்காருங்க. கோபப்படல நான். எங்க துறையோட பெருமை உங்களுக்குத் தெரியாததால வந்த வினை இது. இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பான பாகம் வெளிய போனதில்ல."

"சரியான பாகம் போயிருக்கா சார்?"

"அதுவும் போனதில்ல. போகாம இருந்ததுல ஒரு தப்பும் நடக்கல பாருங்க." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் மேடை ஏறியது. "வெளிய சில பேர் சொல்றாங்க, இவங்களால விமானமெல்லாம் தரையில நிக்குதுன்னு. நான் கேக்கறேன், தரையில நிக்கிற விமானம் எங்கயாவது விழுந்திருக்கா? உதிரிபாகம்னா என்ன? ஒரு பொருளை நாங்க அடையாளம் கண்டு முத்திரை குத்தினா அது உதிரிபாகம். அதுவரைக்கும் அது ஒண்ணுமே இல்ல. சும்மா ஒரு ரப்பர். சும்மா ஒரு இரும்பு. அதுக்கு உயிர் குடுக்கறவங்க நாங்க."

"என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு சார்," என்றார் டெய்லர். அவருக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

தலைமை அடையாளருக்கும் மனசு இளகியது. அறிந்தவரின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதுதான் முறை. ஆனாலும் நேரில் வந்து 'இன்மை ஆய்வு' ஒன்று நடத்தித் தருவதாகச் சொன்னார். பாகம் இல்லாத நிலையில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து, இல்லாதது எது என்று கண்டுபிடிக்கிற ஆய்வாம். அவருடைய பதவிக்காலத்தில் முதல் ஆய்வு என்பதால் உடனே சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தனுப்பினார்.

டெய்லர் தளர்ந்துபோய்ப் பின்வாசல் வழியாக வெளியேறினார். அந்த வழியில்தான் கிடங்கு இருந்தது. கிடங்குக்காரர் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி, மிச்சமிருந்த இடத்தில் ஒற்றைக்காலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த ஒரு பெட்டியில் சின்னச் சின்ன உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு எண், அதன்மேல் இன்னொரு எண் ஒட்டி, அதன்மேல் மூன்றாவது எண். காலையிலிருந்து சுற்றிச் சுற்றி மனப்பாடமான அதே மூன்று எண்கள். உள்ளே கறுப்பாக, புத்தம்புதிதாக, ரப்பர் வளையம்.

"அண்ணே, இது..." டெய்லர் உறையைத் தொட்டுக் காட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க சாமி, புண்ணியமாப் போகும்," என்றார் கிடங்குக்காரர் வாயில் சோற்றோடு. "அடையாளம் காணாததால கணக்குல இல்ல. கணக்குல இல்லாத பொருள் கிடங்குல எப்படி வந்துச்சுன்னு வருஷா வருஷம் என்னைத்தான் கேக்கறாங்க. கணக்கெடுப்புக்கு ஆள் வந்தா இதையெல்லாம் என் வீட்டுக் கட்டிலுக்கடியில கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறேன். என் பொண்டாட்டி என்னைத் துரத்திடுவா போல."

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். அவர் தலைக்குமேல் 'உதிரிபாகங்களை வெளியே கொண்டுசெல்லக் கூடாது' என்று பலகை தொங்கியது.

"பையில என்ன?"

"சும்மா ஒரு ரப்பர்."

"உதிரிபாகமா?"

"அதை இன்னும் அடையாளம் காணலைங்க. சந்தேகமா இருந்தா தலைமை அடையாளரைக் கேளுங்க, இப்பதான் விளக்கமாச் சொன்னார்."

காவலாளி உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. "அப்ப இது ஒண்ணுமே இல்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டெய்லர் தெருமுனை வரைக்கும் கௌரவமாக நடந்தார். அதற்குப்பின் அவர் ஓடிய ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

பைலட் அக்கா உறையைப் பிரித்தார், வளையத்தை அழுத்திப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு டெய்லரைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். குழாயைக் கழற்றி, வளையத்தை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை என்று பார்த்து முடித்த நேரத்தில் ஓடுதளத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாமல் தலைமை அடையாளர் இறங்கினார். பின்னாலேயே அறியாமை அலுவலர் அம்மா.

"எஞ்சின் ஓடுதா? அருமை," என்றார் தலைமை அடையாளர். "பாகம் இல்லாம ஓடற எஞ்சினைத்தான் நாங்க பார்க்கணும். கதவைத் திறங்க."

டெய்லர் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தார்.

"ஏறுங்க சார்," என்றார் அக்கா. ஆனால் அக்கா அறிந்தவர் என்பதால் தலைமை அடையாளர் அவரோடு நேரடியாகப் பேசக்கூடாது. "ஏறச் சொல்றாங்களான்னு கேளுங்க," என்று அலுவலர் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா கேட்க, அக்கா ஆமாம் என்க, ஒருவழியாக எல்லாரும் ஏறினார்கள். விமானம் எழும்பியது. கீழே கடல் வெள்ளை வெள்ளையாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மேலே எஞ்சின் தாலாட்டுப்போல ஓடியது. தலைமை அடையாளர் காதை எஞ்சின் பக்கம் சாய்த்துக் கேட்டு, 'இன்மை மிகச் சிறப்பாக இயங்குகிறது' என்று எழுதிக்கொண்டார்.

தீவில் இறங்கி ஃபேன் நின்றதுதான் தாமதம், டெய்லர் குதித்து ஓடினார். ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்கிற அந்த ஓட்டுக்கட்டடத்தில் நுழைந்தபோது மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற பிடி.

"ஒரு வளையம்... வாங்க... இவ்வளவு நேரமா?"

"மன்னிச்சுக்கம்மா. வந்துட்டேன்ல."

"பேசாம நில்லுங்க. கையை எடுத்தீங்க, அவ்வளவுதான்."

அவர் கையை எடுக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தபோது டெய்லர் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். சட்டை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இவ்வளவு சந்தோஷம் ஒரு ஆளுக்குத் தாங்குமா என்று அவருக்கே பயமாக இருந்தது.

இந்தப் பக்கம் இப்படியென்றால் ஓடுதளத்தில் வேறு கதை. தலைமை அடையாளர் தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். பாகம் இல்லாமலே எஞ்சின் பழுதின்றி ஓடுவதால் அப்படியொரு பாகம் தேவையில்லை, ஆகவே விண்ணப்பம் தள்ளுபடி.

பைலட் அக்காவால் அடக்க முடியவில்லை. "பாகம் உள்ள இருக்கு சார். அதான் ஓடுது."

தலைமை அடையாளரின் முகம் வெளுத்தது. நேரடியாகப் பேசக்கூடாது என்பதையும் மறந்தார். "அடையாளம் காணாத பொருளை எஞ்சினுக்குள்ள வச்சா என்னை ஏத்திட்டு வந்தீங்க? கழட்டுங்க! இந்த நிமிஷமே கழட்டிக் குடுங்க!"

"கழட்டினா..."

"வாதாடாதீங்க!"

அக்கா கழற்றினார். துடைத்துக்கூடக் கொடுத்தார். தலைமை அடையாளர் வளையத்தை உறையில் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தி, பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"ம், கிளம்பலாம்."

"எப்படி சார்?" என்றார் அக்கா.

பெல்ட்டை அவிழ்க்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

உறையை உடைத்துவிடலாமே என்று அலுவலர் அம்மா மெல்லச் சொன்னதற்கு, துறையின் முத்திரையைத் துறையே உடைப்பதா என்று அவர் துடித்துப்போனார். தன் அலுவலகத்துக்கே போன் போட்டு, குழாயடி வளையம் ஒன்றை எப்படியாவது படகிலோ பறவையிலோ அனுப்பச் சொன்னார், மூன்று எண்ணையும் தெளிவாகச் சொல்லி. மறுமுனையில் மூன்று எண்ணையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "சார், நீங்க அறிந்தவர்," என்று சோகமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் அவருடைய படமும் பலகையில் ஏறியதாகக் கேள்வி.

எனவே தனக்குப் பதிலாக விண்ணப்பிக்கத் தீவில் ஒரு தெரியாதவரைத் தேட ஆரம்பித்தார். அது ஒன்றும் பெரிய காரியமில்லை, தீவு முழுக்கத் தெரியாதவர்கள்தான். சிக்கல் அவரிடமே இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் போய், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே?" என்று கேட்பார். "எதைப் பத்தி சார்?" என்று அவர் கேட்பார். கேட்ட கேள்விக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது தலைமை அடையாளருக்கு. வாழ்நாளில் அவரை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. மணலில் குச்சியால் எஞ்சினை வரைந்து, வால்வு, கம்பி, குழாய், அடியில் வளையம், மூன்று எண்கள் என்று சகலமும் சொல்லி முடித்துவிட்டுத்தான் தலையில் அடித்துக்கொள்வார். மளிகைக் கடைக்காரர் கெட்டார். நர்ஸ் கெட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று எண்களையும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டு கயிறு தாண்டினார்கள். அலுவலர் அம்மா வீடு வீடாகப் போய்ச் சோதனை செய்துவிட்டு, "இவ்வளவு படிச்ச ஊரை நான் பார்த்ததே இல்ல சார்," என்று விசும்பினார்.

டெய்லருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பைலட் அக்காவைத் தனியாக அழைத்துப் போனார். "அக்கா, பித்தான் வாங்கினா எப்பவும் ஒண்ணு கூடவே வாங்கற கை இது. கிடங்குல ரெண்டு உறை எடுத்துட்டேன். இன்னொண்ணு என் பையிலயே இருக்கு."

"தெரியும். உன் பையிலருந்து என் பைக்கு வந்து நேத்தே ஆச்சு," என்றார் அக்கா, மணலில் காலை நீட்டியபடி. "அவசரப்படாத. பொண்ணோட நாலு நாள் இரு. எனக்கும் லீவு எடுத்து ரொம்ப நாளாச்சு."

குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று மாலை, டெய்லர் வீட்டு வாசலில் தலைமை அடையாளர் வந்து நின்றார். இஸ்திரி மடிப்பெல்லாம் போய்ச் சட்டை சுருங்கியிருந்தது. கையில் விண்ணப்பத் தாள். குசலம் விசாரிக்க வந்தவர்போல உள்ளே எட்டிப்பார்த்தவரின் பார்வை, மனைவியின் மடியில் தூங்கிய குழந்தையின்மேல் விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

"பாப்பாவுக்கு..." தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பாப்பாவுக்கு ஏதாவது தெரியுமா?"

"பால் குடிக்கத் தெரியும்," என்றாள் மனைவி.

அலுவலர் அம்மா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "விமானத்துக்கு முன்னாடி என்னம்மா சுத்தும்?" என்று குழந்தையிடம் கேட்டார். குழந்தை கொட்டாவி விட்டது. "சார்!" என்றார் அந்த அம்மா, பேச்சு வராமல். "சுத்தம் சார்! ஃபேன்கூடத் தெரியல!"

தலைமை அடையாளரும் மெல்ல முழங்காலிட்டார். விண்ணப்பத்தை அந்தச் சின்னக் கட்டைவிரலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மைப்பெட்டியைத் திறக்கும்போதே வீட்டிலிருந்த எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களையெல்லாம் கெஞ்சிக் கேட்டுக்கறேன். மை காயற வரைக்கும்... பாப்பாவுக்கு யாரும் எதையும் சொல்லிக்குடுத்துடாதீங்க."

மனைவி கணவரைப் பார்த்தாள். விமானம் கிளம்பினால் முதலில் கிளம்ப வேண்டியவர் அவர்தான், அக்கரையில் அவர் கடையில் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது. டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பாடம் எடுக்கிற குரலைத் தாழ்த்தி, மகளின் காதருகே குனிந்தாள்.

"கண்ணு, நல்லாக் கேட்டுக்கோ. எஞ்சினுக்குள்ள வால்வைத் தள்ளற கம்பி ஒண்ணு உண்டு. அந்தக் கம்பிக்கு ஒரு குழாய்..."